ஜெயக்கொடியைத் தொந்தரவு செய்யாதீர்

ஜெயக்கொடி பதினோரு வருடமாக என் கடையில் தலை வெட்டுகிறாள். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில்தான். செல்லூரில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவன் நான், பெயர் வெள்ளைத்துரை. மதுரையில் ஒரு காதுகுத்துக்குப் பிளக்ஸ் அடித்தால், காது குத்திக்கொள்கிற பிள்ளையின் படம் மட்டும் போதாது. தாய்மாமன், தாய்மாமனின் நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள் என்று அடியில் வரிசையாகத் தலைகள் வேண்டும். எவன் தலை விட்டுப்போனாலும் அவன் விசேஷத்துக்கு வரமாட்டான். வந்தாலும் கை நனைக்காமல் போவான்.

அந்தத் தலைகளுக்கு ஆட்கள் அனுப்புகிற படங்கள் இருக்கின்றனவே, அதைச் சொல்லி மாளாது. பந்தியில் வாயைத் திறந்திருக்கிற படம், பைக்கில் சாய்ந்திருக்கிற படம், பாதி முகம் இன்னொருவன் தோளுக்குப் பின்னால் போய்விட்ட படம். அத்தனையிலும் தலையை மட்டும் பிசிறில்லாமல் வெட்டி, ஒரே அளவாக்கி, வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஜெயக்கொடி ஒரு நாளைக்கு இருநூறு தலை வெட்டுவாள். வெட்டிய தலை எதையும் மறக்கமாட்டாள். ரோட்டில் போகிறவரைக் காட்டி, இவருக்கு இடது காது கொஞ்சம் ஏற்றம், நான்கு வருடத்துக்கு முன்னால் கிடாவெட்டுப் பிளக்ஸில் மூன்றாவது வரிசை என்று சொல்வாள். நான் போய் விசாரித்தால் சரியாக இருக்கும்.

பிறந்தது வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், விவசாயக் குடும்பம். கட்டிக்கொண்டு வந்தது செல்லூரில் டவுன் பஸ் ஓட்டுகிற சோணையை. ஒரு மகள், நாலாவது படிக்கிறாள். இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான். ஜெயக்கொடிக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆடு இருந்தது.

ஆடு என்றால் வரைகிற ஆடு. ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில், வீணாய்ப்போன பிளக்ஸ் துண்டின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்துகொண்டே இருப்பாள். முதலில் சும்மா நின்றது. பிறகு பஸ்ஸில் ஏறியது. பிறகு அதற்கு ஒரு கதை வந்துவிட்டது. வாடிப்பட்டியில் ஒரு ஆடு. மதுரையில் கிடாவெட்டு, நீ கண்டிப்பாக வரவேண்டும் என்று அதைச் சொல்லியனுப்பிக் கூப்பிடுகிறார்கள். ஆடு தன்னை விருந்தாளி என்று நினைத்துக்கொள்கிறது. குளித்து, திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறுகிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி வழி தவறுகிறது. பூ மார்க்கெட்டில் நாலு முழம் மல்லிகையைத் தின்று அடி வாங்குகிறது. ஊரெல்லாம் விலாசம் கேட்டு அலைந்து, கடைசியில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல், விருந்து போச்சே விருந்து போச்சே என்று அழுதுகொண்டே ஊர் திரும்புகிறது. அவ்வளவுதான் கதை. முதல்முறை அவள் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் மிஷின் ஓடுவதைக் கவனிக்காமல் பத்தடி பிளக்ஸ் வீணாகிவிட்டது.

நாற்பது பக்கம், எல்லாம் படம். முதல் பத்துப் பக்கத்தைச் சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துப்போய், முழுசாக முடித்துக் கொடுங்கள் என்று ஒரு தேதி சொன்னார்கள். அந்தத் தேதி போன வருடம் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வந்தது. சித்திரையில் என் கடையில் ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சு விட முடியுமா? தேதி போய்விட்டது. பதிப்பகத்தார் மறுபடியும் ஒரு தேதி கொடுத்தார்கள், இந்த வருடம் ஆடி முடிவதற்குள். இதுவும் தவறினால் வேறு புத்தகத்துக்குப் போய்விடுவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கையில் பதினெட்டுப் பக்கம் இருந்தது. இன்னும் இருபத்திரண்டு வேண்டும்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சும்மா இருக்கிறவன் இல்லை. காலை நாலரைக்கு அலாரம். மூன்று போன். பிளக்ஸ் போக இன்சூரன்ஸ், பிளாட் புரோக்கர், தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷினுக்கு ஏஜென்சி, ஒரு வாடகை டெம்போ. முன்னேறுவது எப்படி என்று பேசுகிறவர்களின் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. வேகமாகச் சொன்னார்கள் என்பது தெரியும்.

ஆனி முடிகிற சமயம் ஜெயக்கொடி என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, ஆடி பூராவும் லீவு வேணும்.”

யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றுமில்லை, ஆட்டை முடிக்க வேண்டும் என்றாள். ஆடியில் கல்யாணம் கிடையாது, கோயில் கூழுக்குப் பத்துப் பிளக்ஸ் வரும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்காக வந்திருந்தாள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வந்தால் நான் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு மாதமா, யார் இந்தக் காலத்தில் புத்தகம் வாங்குகிறார்கள் என்று தொடங்கினேன். ஆட்டுக்குச் சேனல் ஆரம்பி, முப்பது முப்பது விநாடியாக வெட்டிப் போடு. ஆடு வரைவது எப்படி என்று ஆன்லைனில் வகுப்பு எடு. ஆடு படம் போட்ட பனியன், ஆடு படம் போட்ட தண்ணீர் பாட்டில், அதற்கு நான் மொத்த ஏஜென்சி எடுக்கிறேன். அரைமணி நேரம் பேசியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே இரண்டு தலை வெட்டி முடித்தாள்.

“இல்லண்ணே. ஒரு ஆடு. ஒரு பஸ்ஸு. நாப்பது பக்கம். அம்புட்டுதான்.”

என் மனைவி பாண்டிமீனாதான் கடையில் பில் போடுவாள். தலையை நிமிர்த்தாமல், குடுங்க லீவை என்றாள். கொடுத்தேன்.

ஆடி பிறந்தது. ஜெயக்கொடி வீட்டில் உட்கார்ந்தாள். ஒரு பெண் பகலில் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் செல்லூர் சந்துக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று நான்கு வீட்டு கேஸ் சிலிண்டரை அவள் வாசலில் இறக்கச் சொன்னார்கள். மாடியில் காய்கிற வடகத்துக்குக் காக்கா ஓட்டச் சொன்னார்கள். நன்றாக வரைகிறவள்தானே என்று பிள்ளைகளின் சயின்ஸ் நோட்டு வந்தது. முதல் மூன்று நாளில் ஆறு இதயம், இரண்டு தவளை, ஒரு சிறுநீரகம் வரைந்திருக்கிறாள். கோயிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நேராக அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூழ் ஊற்ற வந்து, கூழ் குடிக்க வந்து, கூழ் நன்றாக இருந்ததா என்று கேட்க வந்து, நாள் போய்விட்டது.

சரி என்று போனை அணைத்து வைத்தாள். அதுதான் பெரிய தப்பு. போன் அணைந்திருக்கிறதே, ஜெயக்கொடிக்கு உடம்புக்கு என்னமோ என்று சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸுமாக ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, படம் வரைகிறேன் என்றாள். அதற்கு அவர்கள், அப்படியா, நல்லவேளை, சும்மாதான் இருக்கிறாயா என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழாம் நாள் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. இந்த ஏழு நாளில் ஒன்றரைப் பக்கம்.

“முடியாது போலண்ணே. போன வருசம் மாதிரித்தான் ஆகப்போகுது” என்றாள். பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. போன வருடம் அந்தத் தேதி போனது யாரால் என்று எனக்குத் தெரியாதா? என்னால். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. எனக்கு என்ன செய்யத் தெரியும்? பிளக்ஸ் அடிக்கத் தெரியும்.

அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்று அடித்ததில்லை. பன்னிரண்டு அடி அகலம், எட்டு அடி உயரம். சாதாரண ஷீட் இல்லை, பின்னால் லைட் போட்டால் ஜொலிக்கிற ரகம். நடுவில் ஜெயக்கொடி, இடுப்பில் கை வைத்து நிற்கிற மாதிரி. இடதுபக்கம் ஒரு சிங்கம், ஏனென்றால் என் கம்ப்யூட்டரில் ஆடு இல்லை, சிங்கம்தான் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: “செல்லூரின் தூரிகையே! ஆட்டுக்கு உயிர் கொடுத்த அன்னையே! ஆடி மாதம் முழுவதும் எங்கள் ஜெயக்கொடி அவர்களை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.” அடியில் நலம்விரும்பிகள் இருபத்துநான்கு தலை. அதற்கும் அடியில் தொடர்புக்கு என்று அவளுடைய போன் நம்பர். பிளக்ஸ் என்றால் தொடர்புக்கு இருக்கத்தானே வேண்டும். கை தானாகப் போட்டுவிட்டது. வலது ஓரத்தில் அவள் வீட்டுக்குப் போகிற சந்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி. அதுவும் கை தானாகப் போட்டதுதான். எல்லா விசேஷப் பிளக்ஸிலும் அம்புக்குறி இருக்கும்.

கடை மாடியின் முகப்பில் சட்டம் அடித்து மாட்டினேன். மாடி அறையின் பெரிய ஜன்னல் அப்படியே மறைந்துபோனது. அந்த அறையில் பழைய ரோலைத்தான் போட்டு வைத்திருந்தோம், மறைந்தால் என்ன. யாராவது கேட்டால் என் சொந்தக் கட்டடம் என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சந்து கொள்ளாத கூட்டம். முதலில் வந்தவர்கள் அந்த இருபத்துநான்கு தலைகள். என் தலையைப் போட்டிருக்கிறார்கள், நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா என்று ஒவ்வொருவரும் சால்வையோடு போனார்கள். நாங்கள் யாரும் தொந்தரவு செய்யமாட்டோம், நீ தைரியமாக இரு என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டு வந்தார்கள். தலை இல்லாதவர்கள், தங்கள் தலை ஏன் இல்லை என்று கேட்கப் போனார்கள். அம்புக்குறியைப் பார்த்து, கல்யாண வீடு என்று நினைத்து இரண்டு பேர் பந்தி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவளுடைய போனுக்கு அன்று ஒரு நாளில் நூற்று எழுபது அழைப்பு. பாதிப் பேர், இப்போது பேசினால் தொந்தரவா என்று கேட்டவர்கள். சிங்கம் வளர்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டாராம்.

எனக்கு மட்டும் நல்ல வியாபாரம். எனக்கும் அதே மாதிரி ஒரு பிளக்ஸ் வேண்டும், மாமியார் வீட்டுக்காரர்கள் படிக்கிற மாதிரி என்று ஆறு பேர் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் ஜெயக்கொடி வந்தாள். கடைக்கு எதிரில் ரோட்டில் நின்று பிளக்ஸை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே இரண்டு பேரும் சிரித்தோம். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

சிரித்து முடித்ததும், இது பின்னால் லைட் போடுகிற ஷீட்டா என்று கேட்டாள். ஆமாம், உனக்கென்று நல்ல ஷீட் எடுத்தேன் என்றேன் பெருமையாக. சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் பாண்டிமீனாவைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனாள். எங்கள் வீடு கடைக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் முதல் ஜெயக்கொடியைக் காணோம். சோணையைக் கேட்டேன். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார், பஸ் எடுக்கிற அவசரத்தில். போன் அணைந்திருந்தது. அம்புக்குறியைப் பார்த்துப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நான்கு நாளில் கூட்டம் ஓய்ந்தது. நல்லதுதான், வாடிப்பட்டியில் தோட்டத்துக்குள் உட்கார்ந்து நிம்மதியாக வரையட்டும் என்று நானும் என் மூன்று போன்களோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். பாண்டிமீனா மதியம் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். கேட்டதற்குப் பூனைக்கு என்றாள். முருங்கைக்காய் சாம்பாரும் அப்பளமும் ஊறுகாயும் தின்கிற பூனை ஏது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்கு எங்கே நேரம்.

ஆடி இருபத்தொன்பது. காலையில் கருப்பு வந்தார். பிளாட் போட்டு விற்கிறவர், நான் இரண்டு வருடமாக வாடிக்கையாகப் பிடிக்கப் பார்க்கிற ஆள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் மகனுக்குக் கல்யாணம். பிளக்ஸில் இருநூற்றுப் பன்னிரண்டு தலை. மறுநாள் காலைக்குள் வேண்டும். இது சுத்தமாக வந்தால் இனி அவருடைய பிளக்ஸ் எல்லாம் நம் கடைதான் என்று சொல்லி, படங்களை என் போனில் கொட்டிவிட்டுப் போனார்.

இருநூற்றுப் பன்னிரண்டு தலையை ஒரு நாளில் பிசிறில்லாமல் வெட்ட இந்த மதுரையில் ஒருத்தியால்தான் முடியும். பைக்கை எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கு விட்டேன். ஜெயக்கொடியின் அப்பா கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மகள் வந்தாளா என்று கேட்டேன். பொங்கலுக்கு வந்தது என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். வழியெல்லாம் கருப்பின் அழைப்பு, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று. எனக்கு ஜெயக்கொடி மேல் கோபம், சோணை மேல் கோபம், இளநீர் மேல்கூடக் கோபம்.

மதியம் பன்னிரண்டுக்குக் கடையில் வந்து நாற்காலியில் விழுந்தேன். எங்கள் கட்டடம் பழசு, மேல்தளம் மரப்பலகை. என் வழுக்கையில் சொட்டென்று ஒன்று விழுந்தது. தொட்டுப் பார்த்தேன், நீலம். அண்ணாந்து பார்த்தேன். அடுத்த சொட்டு நெற்றியில் விழுந்தது. பலகை இடுக்கு வழியாக மேலே யாரோ நகர்வது தெரிந்தது.

கொல்லைப்பக்கம் ஓடினேன். சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிற படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். ஏத்தா ஜெயக்கொடி என்று கூப்பிட வாயைத் திறந்தவன், கடைசிப் படியில் நின்றுவிட்டேன்.

அந்த அறை முழுக்க வெளிச்சம். வெயில் நேராக வராமல் என் பிளக்ஸ் வழியாக வந்து, பால் மாதிரி ஒரே சீராகப் பரவியிருந்தது. தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற என் எழுத்து உள்ளிருந்து பார்க்கும்போது இடவலம் மாறித் தெரிந்தது. அதற்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய ரோல் மேல் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். முன்னால் பலகை, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு டம்ளர் நீலத்தண்ணீர். அது கவிழ்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கொடிக்கயிற்றில் துணி கிளிப் போட்டுப் பக்கங்கள் தொங்கின. எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, எல்லாம் வந்துவிட்டது. பலகையில் இருந்தது கடைசிப் பக்கம். ஒரு வேப்பமரம், அதன் கீழே ஆடு. பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம்.

அவள் ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். அழுவாத, அழுவாத, பஸ்ஸு வந்துரும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அதற்குக் கண்ணீர் வரைந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பதினோரு வருடத்தில் நான் கூப்பிட்டு அவள் வராமல் இருந்ததில்லை. காய்ச்சலில் வந்திருக்கிறாள். மகள் பிறந்து நாற்பதாம் நாள் வந்திருக்கிறாள். இப்போதும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வருவாள், இருநூற்றுப் பன்னிரண்டையும் வெட்டிக் கொடுப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கருப்பு கூப்பிட்டார். என் போன் அடித்தால் தெருமுனைவரை கேட்கும். அப்படியே வயிற்றோடு அமுக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். அணைக்கப் பார்த்தால் அணையவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் சத்தம் கூடியது, இன்னொன்றை அமுக்கினால் டார்ச் எரிந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதை அணைத்ததே இல்லை. அதற்குள் இரண்டாவதும் அடித்தது. சமையலறையில் அரிசி டிரம் திறந்திருந்தது. மூன்று போனையும் அதற்குள் புதைத்து மேலே அரிசியைத் தள்ளி மூடியைப் போட்டேன். அரிசிக்குள்ளிருந்து முனகல் வந்தது, பிறகு நின்றது.

பாண்டிமீனா கையில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாடிப்பட்டி வரைக்கும் போனீகளாக்கும்” என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

“ஒங்ககிட்ட சொன்னா அதுக்கும் ஒரு பிளக்ஸ் அடிப்பீக.”

போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படங்கள் எல்லாம் போனில் அல்லவா இருக்கின்றன என்று ஞாபகம் வந்து, மறுபடி அரிசியைத் துழாவி ஒன்றை எடுத்து, படங்களை இறக்கிக்கொண்டு, திரும்பப் புதைத்துவிட்டு வந்தேன்.

நானே வெட்டினேன். முதல் தலைக்குக் காது போய்விட்டது. இரண்டாவதுக்குக் காதோடு பின்னால் இருந்த மின்விசிறியும் சேர்ந்து வந்தது. இருபது தாண்டியபோது கை கொஞ்சம் படிந்தது. ஐம்பது தாண்டியபோது ஒன்று தெரிந்தது. இத்தனை வருடம் நான் பார்த்ததெல்லாம் எத்தனை தலை என்றுதான், முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்குச் சட்டைக் காலரில் சந்தனம் காய்ந்திருந்தது. ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியில் படம் எடுத்த பேரனே தெரிந்தான். போன் அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. ஒரே வேலையை, ஒரே இடத்தில், பொழுது சாயும்வரை செய்தேன். எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது, கிறுகிறுவென்று நன்றாக இருந்தது. மேலே பலகையில் அவள் எழுந்து நடப்பதும் உட்காருவதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் கருப்பு நேரில் வந்துவிட்டார். ஏன் ஒரு போனையும் எடுக்கவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவர், திரையைப் பார்த்து நின்றார். இரண்டு பேருக்கு மீசை மாறியிருந்தது. அதைவிட மோசம், கருப்பின் தலை இரண்டு இடத்தில் இருந்தது, முதல் வரிசையில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று. போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன வெள்ளைத்துரை, நம்ம தலை ரெண்டா இருக்கு?”

மாப்பிள்ளைக்கு அப்பா அல்லவா, முக்கியமானவருக்கு இப்போதெல்லாம் இரண்டு போடுவதுதான் வழக்கம் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். கருப்பு முகம் மலர்ந்துவிட்டது. அச்சடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி கடைசி நாள் ஜெயக்கொடி நாற்பது பக்கத்தையும் துணி சுற்றிய அட்டைக்குள் வைத்துச் சென்னைக்கு அனுப்பினாள். மறுநாள் ஆவணி ஒன்று, எப்போதும்போல் தலை வெட்ட வந்து உட்கார்ந்தாள். நான் மாடிக்கு வந்ததைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். இனிமேல் மதியம் ஒரு மணிக்குத்தான் கடைக்கு வருவேன், காலையில் மாடியில் இருப்பேன் என்றாள். எனக்கு வாயில் யோசனைகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் முழுங்கிவிட்டு, சரித்தா என்றேன். பிளக்ஸ் இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. போன் நம்பரையும் அம்புக்குறியையும் மட்டும் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறேன். சிங்கம் வெளுத்துப்போய்க் கொஞ்சம் ஆடு சாயலுக்கு வந்துவிட்டது.

தை மாதம் புத்தகம் வந்தது. செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தாள். ஒன்று சொல்லிவிடுகிறேன், புத்தகம் வந்ததற்கு நான் பிளக்ஸ் அடிக்கவில்லை. கை அரித்தது. அடிக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். ஆடு திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பஸ்ஸுக்கு வெளியே ஒரு ஆள் ஓடிவருகிறார். வழுக்கை, தொப்பை, இரண்டு காதிலும் போன், சட்டைப்பையில் மூன்றாவது. திருப்பினேன். அடுத்த பக்கத்திலும் ஓடுகிறார். மாட்டுத்தாவணியில் ஓடுகிறார், பூ மார்க்கெட்டுக்குள் ஓடுகிறார், ஆடு அடி வாங்கும்போது அதைத் தாண்டி ஓடுகிறார். எங்கே போகிறார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பாண்டிமீனா பில் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, இந்தாளு கடைசி வரைக்கும் பஸ்ஸுலயே ஏறலையே” என்றேன்.

“கடைசிப் பக்கத்தப் பாருங்கண்ணே.”

பார்த்தேன். வேப்பமரம், ஆடு. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறார்.

“அன்னைக்கு ஒங்க போன் சத்தம் கேட்டுச்சுண்ணே” என்றாள் ஜெயக்கொடி. “கூப்பிடப் போறீகன்னு பென்சிலக் கீழ வச்சுட்டு ஒக்காந்திருந்தேன். கூப்பிட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன். நீங்க எறங்கிப் போயிட்டீக. அதுக்குப் பெறகுதான் அவரை அங்க ஒக்கார வச்சேன்.”

சொல்லிவிட்டு, மணி ஒன்றாகிவிட்டது என்று போய்த் தலை வெட்ட உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு அழுகையை நிறுத்திவிட்டு எதையோ மென்றுகொண்டிருக்கிறது, உற்றுப் பார்த்தால் அது பாதி போன். அந்த ஆளுக்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.